டீ டேஸ்டர் இருமலுக்கு பி49: நூறு வருஷமா ஃபிக்ஸ் ஆகாத ஒரு வரி

இன்னிக்கு எபிசோட் ஒரே ஒரு வரியைப் பத்தினது. அமெரிக்க ஆஸ்பத்திரிகள்ல ஒவ்வொரு நோய்க்கும் நம்பர் போடுறதுக்கு ஐசிடி-10-சிஎம்னு ஒரு தொகுப்பு வெச்சிருக்காங்க. அதோட அகரவரிசையில "இருமல்"ங்கிற தலைப்புக்குக் கீழ போனா சில உட்பிரிவுகள் வரும். புகை பிடிக்கிறவங்களோட இருமலா? ஜே41.0. மனநிலை சார்ந்த இருமலா? எஃப்45.8. அப்புறம் ஒரு வரி: டீ டேஸ்டர் இருமல், பி49.

பி49 என்னன்னு தனியா தேடிப் பார்த்தீங்கன்னா, "இன்ன வகைன்னு குறிப்பிடாத பூஞ்சைத் தொற்று"ன்னு இருக்கும். அதாவது ஃபங்கஸ். டீயை ருசி பார்க்குறவருக்கு இருமல் வந்தா, அது பூஞ்சையாலதான் வந்ததுன்னு இந்தப் புத்தகம் ஏற்கெனவே முடிவு பண்ணி வெச்சிருக்கு.

யார் முடிவு பண்ணது? எப்போ? நம்ம வேலையில, கோடுல ஒரு விசித்திரமான வரி கண்ணுல பட்டா உடனே கிட் பிளேம் போட்டு "இதை எந்த மகராசன் எழுதினான்"னு பார்ப்போம்ல, அதைத்தான் இன்னிக்கு பண்ணப் போறோம். தேடிப் போனா கொழும்பு வருது, 1910களோட ஒரு லேப் வருது, ஒரு இத்தாலிக்காரர் வர்றார். அங்கேருந்து கோடு நேரா நம்ம நீலகிரிக்கு, பந்தலூர் பக்கம் சேரங்கோடு வரைக்கும் வருது.

முதல்ல, மெடிக்கல் கோடிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு நிமிஷம். சென்னை, கோயம்புத்தூர், திருச்சின்னு இந்த வேலை பண்றவங்க நம்ம ஊர்ல ஏகப்பட்ட பேர். உங்க ரூம்மேட்டே பண்ணிட்டு இருக்கலாம். அமெரிக்காவுல ஒரு நோயாளியை டாக்டர் பார்த்து நோட்ஸ் எழுதுவார். அந்த சார்ட் இங்க வரும். கோடர் அதைப் படிச்சு, டாக்டர் எழுதின வார்த்தையை அகரவரிசையில தேடி, கிடைச்ச நம்பரைப் பிரதான பட்டியல்ல சரிபார்த்துப் போடணும். அந்த நம்பரை வெச்சுதான் இன்சூரன்ஸ் காசு தரும், அரசாங்கம் கணக்கெடுக்கும், ஆராய்ச்சியாளர்கள் "இந்த வருஷம் இத்தனை பேருக்கு இந்த நோய்"னு சொல்வாங்க. இதுல ஒரு தங்க விதி உண்டு: கோடர் யூகிக்கக் கூடாது. டாக்டர் எழுதாததை நீங்க போட முடியாது. சந்தேகம் இருந்தா டாக்டர்கிட்டயே கேள்வி அனுப்பணும். விதி நல்ல விதிதான். ஆனா அகரவரிசையே யாரோ ஒருத்தரோட பழைய யூகத்தைச் சுமந்துக்கிட்டு இருந்தா?

இந்தப் பட்டியல் கலாச்சாரமே பழசு. 1853ல பிரஸ்ஸல்ஸ்ல நடந்த புள்ளிவிவர மாநாட்டுல, எல்லா நாடும் சாவுக்கான காரணத்தை ஒரே மாதிரி எழுதணும்னு பேச ஆரம்பிச்சாங்க. இங்கிலாந்தோட வில்லியம் ஃபார் அதுல முக்கியமான ஆள். 1893ல ஜாக் பெர்டில்லான்ங்கிற பிரெஞ்சுக்காரர் சிகாகோவுல ஒரு பட்டியலை முன்வெச்சார். 1948ல உலக சுகாதார நிறுவனம் அதைக் கையில எடுத்து ஆறாவது பதிப்பைக் கொண்டு வந்தப்போதான், சாவுக் காரணம் மட்டும் இல்லாம உயிரோட இருக்கிறவங்க நோயும் பட்டியல்ல முழுசா சேர்ந்தது. பத்தாவது பதிப்பு 1990ல ஒத்துக்கொள்ளப்பட்டது. அமெரிக்கா அதுக்கு மாறினது ரொம்ப லேட், 2015 அக்டோபர் 1. அதுக்கு முன்னாடி அவங்க ஒன்பதாவது பதிப்புல இருந்தப்பவும் டீ டேஸ்டர் இருமல் இருந்தது. அப்போ அதோட நம்பர் 112.89. "மற்ற கேண்டிடா தொற்றுகள்". இந்தக் கேண்டிடாதான் நமக்குக் கிடைச்ச முதல் துப்பு. பூஞ்சைன்னு பொதுவா சொல்லாம, குறிப்பிட்ட ஒரு பூஞ்சையைக் கை காட்டுது.

இப்போ அந்த இத்தாலிக்காரர். ஆல்டோ காஸ்டெல்லானி. ஃப்ளோரன்ஸ்ல பிறந்தவர். உகாண்டாவுல தூக்க நோய் ஆராய்ச்சியில பேர் வாங்கிட்டு, 1903ல கொழும்புக்கு வந்தார். அங்க பாக்டீரியா ஆய்வு நிலையத்துக்குத் தலைவர். 1915 வரைக்கும் இலங்கையில இருந்தார். மனுஷன் சாதாரண ஆள் இல்லை. பறங்கிப்புண்ணுக்குக் காரணமான சுருள் கிருமியை 1905ல அங்கதான் கண்டுபிடிச்சார். தோல் பூஞ்சைக்குப் பூசுற காஸ்டெல்லானி பெயிண்ட் இவர் பேர்ல வந்ததுதான். பின்னாடி முசோலினிக்கு டாக்டரா இருந்தது, இத்தாலி ராஜ குடும்பத்தோட போர்ச்சுகல் போனது, 1971ல லிஸ்பன்ல இறந்தது எல்லாம் தனி எபிசோடுக்கான கதை.

காஸ்டெல்லானிக்கு ஒரு பெரிய காதல், பூஞ்சை. நாள்பட்ட இருமலோட வந்தவங்க சளியை எடுத்து வளர்த்துப் பார்த்தார். ஈஸ்ட் மாதிரி பூஞ்சைகள் வளர்ந்தது. 1910ல ஒண்ணுக்குப் பேரும் வெச்சார். இன்னிக்கு கேண்டிடா டிராபிகாலிஸ்னு சொல்றோமே, அதுதான். அந்தக் காலத்துல இந்தக் கூட்டத்துக்கு மோனிலியான்னு பேர். டீ டேஸ்டர்களுக்கும் தேயிலை ஃபேக்டரி ஆளுங்களுக்கும் வர்ற இருமலையும் அவர் இதே கூடையில போட்டார். தேயிலைத் தூள்ல பூஞ்சை இருக்கு, மோந்து பார்க்குறப்போ உள்ள போகுது, நுரையீரல்ல வளருது, அதனால இருமல். சால்மர்ஸ்ங்கிற இன்னொரு டாக்டரோட சேர்ந்து எழுதின வெப்பமண்டல மருத்துவக் கையேட்டுல இது ஏறிடுச்சு. 1919ல வந்த மூணாவது பதிப்பு 2,400 பக்கத்துக்கு மேல. ஒரு தலைமுறை டாக்டர்களுக்கு அதுதான் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ.

லாஜிக் எங்க இடிக்குதுன்னு பார்த்தீங்களா? கேண்டிடா நல்லா இருக்கிற மனுஷன் வாயிலயே இருக்கும். சளி வாய் வழியாதான் வெளிய வருது. அதை எடுத்து வளர்த்தா பூஞ்சை வளரத்தான் செய்யும். அது இருமலுக்குக் காரணமா, வழியில ஒட்டிக்கிட்டு வந்ததான்னு அந்தச் சோதனை மட்டும் சொல்லாது. 1910கள்ல இருந்த கருவிகளை வெச்சுப் பார்த்தா காஸ்டெல்லானி மேல கோபப்பட எனக்கு மனசு வரலை. அலர்ஜிங்கிற வார்த்தையே 1906லதான் பிறந்துச்சு. ஆனா அந்தக் கருத்து ஒரு பட்டியலுக்குள்ள போய் உட்கார்ந்ததுக்கப்புறம் யாருமே அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கலையே, அதுலதான் எனக்கு வருத்தம்.

சரி, நிஜமா என்னதான் நடக்குது? தேயிலை ஃபேக்டரிக்குள்ள போவோம். இலங்கை மலையகத்துல ஃபேக்டரியை "ஸ்டோர்"னு சொல்வாங்க, அதுக்குப் பொறுப்பான அதிகாரி டீமேக்கர். கொழுந்து வந்து வாட்டுற தொட்டியில விரியும், ரோலர்ல நசுங்கும், புளிக்கும், டிரையர்ல காயும். இது வரைக்கும் ஈரம் இருக்கிறதால தூசி பெருசா கிடையாது. காஞ்சு வெளிய வந்து சல்லடைக்குப் போறப்போதான் சிக்கல். இளங்கொழுந்தோட அடிப்பக்கத்துல பூனை முடி மாதிரி மெல்லிய ரோமம் இருக்கும். சலிக்கும்போது அது உதிர்ந்து பஞ்சு மாதிரி பறக்கும். இங்கிலீஷ்ல ஃபிளஃப்னு சொல்வாங்க. தரம் பிரிக்கிற அறை, மூட்டை கட்டுற இடம், கூட்டிப் பெருக்குற மூலை எல்லாம் அது மிதந்துக்கிட்டே இருக்கும்.

1970ல சி. ஜி. உரகொடங்கிற இலங்கை நெஞ்சக நோய் மருத்துவர், பிரிட்டன்ல வர்ற தொழில் மருத்துவ இதழ்ல ஒரு குட்டிக் கட்டுரை எழுதினார். "டீ மேக்கர் ஆஸ்துமா"ன்னு தலைப்பு. இந்தப் பஞ்சுத் தூளைச் சுவாசிச்சு ஆஸ்துமா வந்ததைப் பதிவு பண்ணார். 1980ல தோராக்ஸ் இதழ்ல, தேயிலையைக் கலந்து பேக் பண்ற தொழிலாளர்களோட மூச்சுப் பிரச்சினை பத்தி இன்னொண்ணு எழுதினார். நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி, ஆஸ்துமா ரெண்டும் அதுல பேசப்படுது. இவர் மிளகாய் அரைக்கிறவங்க, இலவம்பஞ்சு ஆளுங்க, பட்டை உரிக்கிறவங்கன்னு ஒவ்வொரு தொழிலா போய்ப் பார்த்தவர். எனக்கு இவர் மேல தனி மரியாதை. 1994ல ஜப்பான்ல ஷிராய் குழு, கிரீன் டீ ஃபேக்டரி ஆளுங்களுக்கு வர்ற ஆஸ்துமாவை ஆராய்ஞ்சு, இலையில இருக்கிற ஒரு கேட்டெச்சின் வேதிப்பொருளையே முக்கியக் காரணியாக் காட்டினாங்க. பூஞ்சையே தேவைப்படலை. மூச்சுக்குழாய் தேயிலைக்கே அழற்சியைக் காட்டுது.

இத்தனை வந்தப்புறமும் அகரவரிசையில பி49 அப்படியே இருக்கு. இதைவிட சுவாரஸ்யமான ஒண்ணு சொல்றேன். தூசி அலர்ஜியால வர்ற நுரையீரல் அழற்சிக்கு ஐசிடி-10ல ஜே67னு ஒரு வரிசை இருக்கு. விவசாயி நுரையீரல், கரும்புச் சக்கை நுரையீரல், பறவை வளர்க்கிறவர் நுரையீரல், காளான் தொழிலாளி நுரையீரல், மேப்பிள் மரப்பட்டை உரிக்கிறவர் நுரையீரல்னு அது ஒரு தொழில்களோட ஊர்வலம். ஜே67.8ல பாலாடைக்கட்டி கழுவுறவர், ஃபர் தைக்கிறவர், மீன்மாவு தொழிலாளி, அப்புறம் காபித் தொழிலாளி நுரையீரல். காபி இருக்கு. தேயிலை இல்லை.

அந்தக் காபி எப்படி உள்ள வந்தது? 1970ல, உரகொட எழுதின அதே வருஷம், வான் டூர்ன்ங்கிற டச்சு டாக்டர் தோராக்ஸ்ல ஒரு கேஸ் ரிப்போர்ட் எழுதினார். ஒரே ஒரு கேஸ். அது பட்டியல்ல ஏறிடுச்சு. 1983ல வான் டூர்னும் சேர்ந்தே, அதே இதழ்ல, அந்தக் கேஸை மறுபரிசீலனை பண்றோம்னு எழுதினாங்க. எழுதினவரே மறுபடி யோசிச்ச ஒரு நோய் 1990ல ஒத்துக்கொண்ட பதிப்புலயும் இருக்கு. லட்சக்கணக்கான பேர் வேலை பார்க்குற தேயிலைக்கு அங்க இடமில்லை. ஃபங்கஸ் கூடையில ஒரு ஓரம்தான். அதுவும் டேஸ்டர் பேர்ல. சல்லடைக்குப் பக்கத்துல எட்டு மணி நேரம் நிக்கிற அக்காவுக்கு அகரவரிசையில ஒரு வரி கூடக் கிடையாது.

ஏன் இப்படி? என் கருத்து இது, நீங்க ஒத்துக்கணும்னு இல்லை. ஒரு நோய்க்குப் பேர் கிடைக்க, நோய் மட்டும் இருந்தாப் பத்தாது. அதைப் பத்திச் சத்தம் போட ஆளு வேணும். பஞ்சுத் தூசி நோய்க்கு ஜே66.0னு சொந்த நம்பர் இருக்கு, பிஸினோசிஸ். லங்காஷயர் மில்லுகள்ல பல தலைமுறையா திங்கட்கிழமை வேலைக்கு வந்தா நெஞ்சு இறுகும், வாரக் கடைசியில குறையும். 1950கள்ல ரிச்சர்ட் ஷில்லிங் அந்தத் திங்கட்கிழமைக் கணக்கை வெச்சே நோயைத் தரம் பிரிச்சார். அங்க தொழிற்சங்கம் இருந்தது, இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. நம்ம கோயம்புத்தூர் மில் ஆளுங்களுக்கும் அந்த நம்பர் அப்படித்தான் கிடைச்சது, லங்காஷயர்க்காரன் போட்ட சண்டையில. தேயிலை விளையுற ஊர்ல நோயாளி, பட்டியல் எழுதுற ஊர்ல டீ குடிக்கிறவங்க மட்டும்.

(ஒரு சின்ன கிளைக்கதை. இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நம்ம பக்கம் நடந்திருக்கு. 1940ல மதனப்பள்ளி சானடோரியத்துல ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும், காசநோய் மாதிரியே தெரியுற ஆனா காசநோய் இல்லாத ஒரு நெஞ்சு நோயைப் பதிவு பண்ணாங்க. ரத்தத்துல ஈசினோஃபில் எக்கச்சக்கமா ஏறியிருக்கும். நம்ம வீட்ல "ஈஸ்னோபீலியா"ன்னு சொல்றோமே, அந்த வார்த்தையோட ஒரு வேர் இங்க இருக்கு. பின்னாடி அது யானைக்கால் புழுவோட சம்பந்தப்பட்டதுன்னு தெரிஞ்சது. ஆனா ஐசிடி-10ல அது புழு வரிசையில இல்லாம, நுரையீரல் வரிசையில ஜே82ல இருக்கு. தொற்றால வர்றது நுரையீரல் அறையில, அலர்ஜியால வர்றது தொற்று அறையில. டிராயரை மாத்தி அடுக்கின மாதிரி.)

இப்போ சேரங்கோடு. 1964 அக்டோபர் 30ல சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. இலங்கைத் தோட்டங்கள்ல நாலஞ்சு தலைமுறையா இருந்த 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும்னு முடிவு. அவங்ககிட்ட யாரும் கேட்கலை, அது வேற விஷயம். தலைமன்னார்ல கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம் வழியா தமிழ்நாடு முழுக்கப் பிரிஞ்சாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச வேலை தேயிலை. தமிழ்நாடு அரசு 1968ல வனத்துறை மூலமா நீலகிரியில தேயிலைத் திட்டம் ஆரம்பிச்சது. அது 1975ல தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆச்சு. நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச டான்டீ. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், பாண்டியார்னு காட்டை ஒட்டின பகுதிகள்ல தோட்டமும் லயமும் வந்தது. இலங்கையில பேசின பெரட்டு, கங்காணி, லயம், கொழுந்துங்கிற வார்த்தைங்க எல்லாம் கூடவே வந்துச்சு.

காஸ்டெல்லானி சளி எடுத்தது எந்தத் தீவுல இருந்தோ, உரகொட கட்டுரை எழுதினது எந்தத் தீவைப் பத்தியோ, அந்தத் தீவோட தேயிலை ஜனங்கதான் இங்க வந்து மறுபடியும் அதே தூளுக்கு நடுவுல நின்னாங்க. அவங்களோட இருமல் இங்க எங்க பதிவாச்சு?

தோட்டத்து மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம், ஓ.பி. சீட்டு. அந்தச் சீட்டுல "இருமல், மூணு வாரம்"னு இருக்கும். ரெண்டு வாரம் தாண்டினாலே சளிப் பரிசோதனை, காசநோய் இருக்கான்னு பார்ப்பாங்க. பார்க்கணும், அது சரிதான். இல்லைன்னு வந்தா? மலைக்குளிர், மழை, பீடி, விறகடுப்புப் புகை. நாலுமே உண்மையான காரணங்கள். சேரங்கோடு பக்கம் மழை கொட்டுற ஊர், லயத்துச் சுவர்ல ஈரம் ஏறும். அதனால அஞ்சாவது காரணமான சல்லடைத் தூள் சீட்டுல ஏற வாய்ப்பு குறைவு. நோயாளியோட தொழில்னு ஒரு கட்டம் இருந்தா "கூலி"ன்னு முடிஞ்சிடும். கொழுந்து எடுக்கிறவங்களும் கூலி, சலிப்பு அறையில நிக்கிறவங்களும் கூலி. வெளியில மழையில நிக்கிறவங்க நுரையீரலும் உள்ள தூள்ல நிக்கிறவங்க நுரையீரலும் பேப்பர்ல ஒண்ணாயிடுது.

இதுல காசு சம்பந்தம் இருக்கு. நம்ம நாட்டுல 1923லயே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அதோட மூணாவது அட்டவணையில தொழில்வழி நோய்கள் பட்டியல் இருந்தது. பஞ்சுத் தூசி நோய், கரும்புச் சக்கை நோய் பேர் சொல்லியே இருந்தது. வேலையிடத்துப் பொருளால வர்ற ஆஸ்துமாவும் பொதுவா இருந்தது. அதாவது தேயிலைக்குப் பேர் இல்லைன்னாலும் கதவு பூட்டியில்லை. ஆனா அந்தக் கதவு வழியா போக, "இது வேலையால வந்தது"ன்னு ஒரு டாக்டர் எழுதின பேப்பர் வேணும். "பூஞ்சைத் தொற்று"ன்னு எழுதினா அது உங்க உடம்புப் பிரச்சினை. "வேலை சார்ந்த ஆஸ்துமா, தேயிலைத் தூள்"னு எழுதினா அது முதலாளியோட பிரச்சினை. டான்டீ மாதிரி இடத்துல அரசாங்கத்தோட பிரச்சினை. அதனாலதான் அகரவரிசையில இருக்கிற ஒரு வரிக்காக இவ்வளவு நேரம் பேசிட்டு இருக்கேன்.

கோடிங் பண்ற நண்பர்களுக்கு: அமெரிக்காவுலயும் டீ பேக் பண்ற ஃபேக்டரிகள் இருக்கு, இப்படி ஒரு சார்ட் உங்களுக்கு வரலாம். டாக்டர் "டீ டேஸ்டர் இருமல்"னு அப்படியே எழுதினாதான் அந்த வரி. "டீ ஃபேக்டரியில வேலை, இருமல்"னு இருந்தா அது பி49 கிடையாது. ஆர்05 வரிசை, 2021 அக்டோபர்ல இருந்து புதுசு, நாள்பட்டதுன்னா ஆர்05.3. தூசியில வேலை பார்க்குறதுக்கு இசட்57.2. ஆஸ்துமான்னு டாக்டர் எழுதினா ஜே45. வேலையால வந்ததான்னு அவர் எழுதலைன்னா கேள்வி அனுப்புங்க. அந்தக் கேள்வி அனுப்புற பட்டனை நிறைய பேர் அழுத்துறதே இல்லை, டார்கெட் பிரஷர். புரியுது.

2022 ஜனவரியில ஐசிடி-11 நடைமுறைக்கு வந்தது. அதுல ஒரு நோய் நம்பரோட, எதனால வந்ததுங்கிற இன்னொரு நம்பரைக் கோத்துப் போடலாம். சங்கிலி மாதிரி. அதனால தேயிலைக்குத் தனி வரி இல்லைன்னாலும் ஆஸ்துமாவையும் வேலையிடத் தூசியையும் சேர்த்து எழுத வழி இருக்கு. டிசைன் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா இன்புட்ல "கூலி"ன்னு வந்தா எவ்வளவு நல்ல ஸ்கீமாவும் "கூலி"ன்னுதான் சேமிக்கும்.

இன்புட்டை மாத்துறது கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் சொன்னதுதான். 1700ல பெர்னார்டினோ ராமஸீனிங்கிற இத்தாலி டாக்டர் தொழிலாளர் நோய்களுக்குன்னே ஒரு புத்தகம் எழுதினார். ஹிப்பாக்ரட்டீஸ் நோயாளிகிட்ட கேட்கச் சொன்ன கேள்விகளோட இன்னொண்ணு சேர்த்துக்கோங்கன்னார்: என்ன தொழில் பண்றீங்க? தானியம் சலிக்கிறவங்க நெஞ்சு நோயைப் பத்தியும் அதுல எழுதியிருக்கார். 300 வருஷத்துக்கு முன்னாடி.

உங்க அம்மாவோ மாமாவோ பந்தலூர், குன்னூர், கோத்தகிரி, வால்பாறைன்னு எங்கயாவது தேயிலை ஃபேக்டரிக்குள்ள வேலை பார்க்குறாங்கன்னா, அடுத்த தடவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறப்போ "எஸ்டேட் வேலை"ன்னு சொல்லி நிறுத்தாதீங்க. சலிப்பா, டிரையரா, பேக்கிங்கா, எத்தனை வருஷமா, மாஸ்க் குடுக்கிறாங்களான்னு சொல்லுங்க. ஓ.பி. சீட்டுல அதை எழுதச் சொல்லிக் கேளுங்க. பீக் ஃப்ளோ மீட்டர்னு ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கு, விலை அதிகமில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை ஊதி நம்பரை நோட்டுல எழுதணும், வேலை நாள், லீவு நாள் ரெண்டுலயும், மூணு நாலு வாரத்துக்கு. வேலை நாள்ல இறங்கி லீவுல ஏறுதுன்னா, அந்த நோட்டு டாக்டர் மேஜையில பேசும். மீட்டர் இல்லைன்னாலும் இன்னிக்கு ராத்திரியே போன்ல ஒண்ணு கேட்கலாம்: "அம்மா, ஞாயித்துக்கிழமை இருமல் குறையுதா?"